முப்பதாவது ஆள்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான், குளித்தான், ரொட்டியை வாட்டாமலே நின்றபடி தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். ஆறே முக்கால் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்தான். ஏழே காலுக்கு மருத்துவமனையின் அடித்தளத்தில், ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று பையில் இருந்ததையெல்லாம் ட்ரேயில் எடுத்து வைத்தான். சாவி. கைப்பேசி. பேனா. சில்லறை. கடிகாரம். பெல்ட்.

உள்ளே இருப்பது காந்தம். அதற்கு ராத்திரி பகல் கிடையாது, எப்போதும் விழித்திருக்கும். ஆறு வருடமாக அவன் அந்த எம்.ஆர்.ஐ. அறையின் டெக்னீஷியன்.

கனமான கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஸ்பிரிட்டும் ரப்பரும் கலந்த குளிர்ந்த வாடை, நிழலே விழாதபடி நாலு பக்கமும் பரவிய வெள்ளை வெளிச்சம், சுவருக்குள்ளிருந்து ஓயாமல் வரும் பம்பின் 'கிர்ச், கிர்ச்' சத்தம், எல்லாம் நேற்று விட்டுப்போன இடத்திலேயே இருந்தன. அலமாரியைத் திறந்து உருண்டையை எடுத்தான். மனிதத் தலையளவு பிளாஸ்டிக் உருண்டை. உள்ளே உப்புத் தண்ணீர். ஒவ்வொரு நாளும் முதல் ஸ்கேன் அதற்குத்தான், இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க. தண்ணீருக்கு நோய் வராது, பயம் வராது, அது அசையாது. அதைப்போல நல்ல நோயாளி கிடையாது என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னான். "அப்ப அதையே கட்டியிருக்கலாமே" என்றாள் அவள்.

இன்று உருண்டை வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். அறை பதினெட்டு டிகிரி. அலமாரித் தட்டு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பஞ்சுத் திண்டுகள் சில்லிட்டிருந்தன. இது மட்டும், காய்ச்சல் இப்போதுதான் இறங்கிய ஒருவரின் தலையைத் தொட்டது போல இருந்தது. யாராவது எங்காவது வெயிலில் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். அடித்தளத்தில் வெயில் கிடையாது. இருந்தாலும் அப்படியே நினைத்துக்கொண்டான்.

சுரங்கம் போன்ற துளைக்கு முன்னால் மேசை. மேசையின் தலைமாட்டில் தலைக்கூண்டு. உருண்டையை அதில் வைத்துக் கூண்டை மூடினான். வெளியே கட்டுப்பாட்டு அறைக்கு வந்து கண்ணாடி ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்கேனைத் தொடங்கினான்.

முதல் படம் சுத்தமாக வந்தது. வாரத்துக்கு ஒருநாள் இன்னொன்றும் எடுக்க வேண்டும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்பதை ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பிடிக்கும் ஸ்கேன் அது. தண்ணீரில் ரத்தம் இல்லை. ஆகவே படம் மழைக்கால வானம் மாதிரி, ஒன்றுமில்லாத சாம்பலாக வர வேண்டும்.

நடுவில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி இருந்தது.

உருண்டைக்கு நெற்றி இருந்தால் நெற்றிக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டில். பின்பக்கம் இன்னொரு புள்ளி. இரண்டும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. அழித்துவிட்டு மறுபடி எடுத்தான். மறுபடியும் அதே இடம். சேர்ந்து ஏறின. சேர்ந்து இறங்கின.

அன்று இயந்திரத்தின் பராமரிப்பு நாள், நோயாளிகள் யாரும் இல்லை. சர்வீஸ் இன்ஜினீயர் ஒன்பது மணிக்கு வந்தார். அவருக்குக் குண்டூசி என்று பெயர். எப்போதோ சட்டைப் பையில் குண்டூசியோடு காந்த அறைக்குள் போனதில் ஒட்டிக்கொண்டது. திரையைக் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, உன் பந்துக்கு மூளை முளைச்சிருக்கு."

"சிரிக்காதீங்கண்ணே."

"சிரிக்காம என்ன பண்ண? மேல் மாடியில சில பேருக்கு முப்பது வருஷமா முளைக்கல." மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "தலைக்கூண்டுல ஏதோ ஒயர் போயிருக்கும். மத்தியானத்துக்குள்ள பாத்துடலாம். நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

அந்த இரண்டு புள்ளிகளும் அவனுக்குத் தெரிந்தவை. அதே இடம், அதே ஏற்றம், அதே இறக்கம். ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான். அந்தத் தலை உருண்டையுடையது இல்லை.

*

போன வருடம் மனநலப் பிரிவு டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கினார். மனச்சோர்வு உள்ளவர்கள் முப்பது பேர், இல்லாதவர்கள் முப்பது பேர். இரண்டு கூட்டத்தையும் ஸ்கேனில் படுக்க வைத்து, ஒன்றும் யோசிக்காமல் இருக்கச் சொல்லி, பத்து நிமிடம் மூளை என்ன செய்கிறது என்று பார்ப்பது. சும்மா இரு என்றால் எந்த மூளையும் சும்மா இருக்காது, தன்னைப் பற்றித்தான் நினைக்கும் என்று டாக்டரம்மா அவனுக்கு விளக்கினார். மனச்சோர்வு உள்ள சிலருக்கு அந்தப் பேச்சு நிற்பதில்லை. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். "கதவு இல்லாத ரூம்ல நடக்கற மாதிரி" என்றார்.

இல்லாதவர்கள் கூட்டத்தில் கடைசியாக ஒருவர் குறைந்தார். இருபத்தொன்பதில் நின்றது. இப்படி ஆள் குறையும்போது ஊழியர்கள் வீட்டு ஆட்களைக் கூட்டி வருவது அங்கே வழக்கம். தம்பி, மைத்துனி, எதிர்வீட்டுக்காரர். அவன் மனைவியைக் கூட்டி வந்தான்.

அதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இருபது கேள்வி. தூக்கம் கெடுகிறதா, பசி குறைந்ததா, பிடித்த வேலை பிடிக்காமல் போனதா, நீங்கள் மற்றவர்களுக்குப் பாரம் என்று தோன்றுகிறதா. அவரவரே நிரப்ப வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அன்று காலை அவள் தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு மறுகையால் நிரப்பினான். இல்லை, இல்லை, இல்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் குரல் கொடுத்தான்.

"அடிக்கடி அழறியா நீ?"

"அதுக்கெல்லாம் யாருக்கு நேரமிருக்கு" என்று சுவரைப் பார்த்தே சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இல்லை என்று குறித்தான்.

ஸ்கேனில் எட்டாவது நிமிடத்தில் அவள் ரப்பர் குமிழை அழுத்தினாள். உள்ளே படுத்திருப்பவருக்கு ஏதாவது முடியாமல் போனால் அழுத்தச் சொல்லிக் கையில் கொடுப்பது. கட்டுப்பாட்டு அறையில் மணி அடித்தது. மணி அடித்தால் நிறுத்த வேண்டும். எட்டு நிமிட ஸ்கேன் வீணாகப் போகும், ஆள் வேறு கிடையாது. அவன் மைக்கை அழுத்தி, "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்றான். அவள் மறுபடி அழுத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா படங்களை விரித்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார். படங்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

"இந்த முப்பதாவது ஆள் நல்லா இருக்கறவங்க கூட்டத்தோட சேர மாட்டேங்குதே. அந்தப் பக்கக் கூட்டத்துல கொண்டு போய் வச்சா கச்சிதமா உக்காருது. ஸ்கேன்ல தலையை அசைச்சாங்களா?"

இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள். சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின.

"ஆமாங்க மேடம், அசைஞ்சாங்க" என்றான். நீக்கம், காரணம் தலை அசைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். முப்பதாவது ஆளாகக் கேன்டீன்காரரின் அண்ணியைப் படுக்க வைத்தார்கள்.

அதற்கு ஆறு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் வேலையிலிருந்து வீட்டுக்குப் போனபோது அவள் இல்லை. அதாவது, இருந்தாள்.

*

பதினொரு மணிக்கு டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார். கையில் மடிக்கணினி. அவனுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கோட்டுப் படத்தைத் திருப்பிக் காட்டினார். தட்டையான கோடு.

"கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னால நீக்கினதையெல்லாம் ஒருதடவை சரி பாத்தேன். முப்பதாவது ஆள், தலை அசைவுன்னு எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர் கணக்குப்படி அந்தத் தலை அரை மில்லிமீட்டர்கூட அசையல. பத்து நிமிஷமும் கல்லு மாதிரி கிடந்திருக்காங்க."

அவன் கோட்டைப் பார்த்தான். எட்டாவது நிமிடத்திலும் கோடு தட்டையாகத்தான் இருந்தது.

"அப்ப மெஷின் கோளாறா இருக்கும் மேடம்" என்றான். "இன்னைக்குக்கூட உருண்டைல ஏதோ புள்ளி வருது. இன்ஜினீயர் பாத்துட்டு இருக்காரு."

"மெஷினா இருந்தா சரி." அவர் மடிக்கணினியை மூடவில்லை. "மெஷின் இல்லன்னா அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசணும். ஒரு படத்தை மட்டும் வச்சு ஒருத்தருக்கு மனச்சோர்வுன்னு சொல்லிட முடியாது. ஆனா எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாம்ல? படிவத்துல எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருக்காங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னு போடற ஆளைத்தான் நான் முதல்ல கூப்பிடுவேன். பேரும் போன் நம்பரும் உங்க பதிவுலதான் இருக்கு. எடுத்துக் குடுங்க."

"தேடிப் பாக்கறேன் மேடம்."

"இன்னைக்கே குடுங்க. நாளாக நாளாக இதெல்லாம் நல்லதில்ல."

அவர் படியேறிப் போனார். இயந்திரம் கெட்டிருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். இயந்திரம் கெட்டிருந்தால் அன்று திரையில் தெரிந்தது அவள் இல்லை, அவன் எதையும் பார்க்கவில்லை, பார்த்ததை மறைக்கவில்லை. ஒரே ஒரு ஒயர் அறுந்திருந்தால் போதும்.

ட்ரேயில் கைப்பேசி அதிர்ந்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, சாப்டீங்களா?"

"சாப்டேன் அத்தை."

"பொய். குரலே காட்டிக்குடுக்குது." "கோவிச்சுக்காதீங்க. அவ நம்மள விட்டுப் போன அன்னைக்குக் காலைல நீங்க கிளம்பும்போது ஏதாவது சொன்னாளா?"

ஐந்து மாதத்தில் எத்தனையாவது முறை என்று அவன் எண்ணுவதை நிறுத்தியிருந்தான்.

"ஒண்ணும் சொல்லல அத்தை. தூங்கிட்டிருந்தா."

"தூங்கினாளா?" என்றார் அவர். "தூக்கமே வரலம்மான்னு மூணு மாசமா எங்கிட்டச் சொல்லிட்டிருந்தா. உங்ககிட்டச் சொல்லலையா?"

"வேலை இருக்கு அத்தை. அப்புறம் பேசறேன்."

பம்பு கிர்ச், கிர்ச் என்றது. கனமான கதவு மூடித்தான் இருந்தது. இருந்தும் அந்தச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

*

பன்னிரண்டரைக்குக் குண்டூசி கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எல்லா ஒயரும் பாத்துட்டேன். ஒரு குறையும் இல்ல. தண்ணிய வச்சுப் பாத்தது போதும், உயிருள்ள ஆளை வச்சுப் பாத்துடலாம். நல்லா இருக்கற ஆளு யாராவது இருக்காங்களா?"

"நான் படுக்கறேன்."

"நீ நல்லா இருக்கற ஆளா?" என்று சிரித்தார். பிறகு எதுவோ ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்தினார். "சரி, படு. பத்தே நிமிஷம்."

மேசையில் மல்லாந்தான். இத்தனை வருடத்தில் அவன் அங்கே படுத்ததில்லை. காதில் ஹெட்போன். தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு. கூண்டு முகத்தின் மேல் இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொண்டது. கையில் ரப்பர் குமிழ். கண்ணுக்கு மேல் சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடியில், கால் பக்கம் இருக்கும் கட்டுப்பாட்டு அறை ஜன்னல் தபால் தலையளவு தெரிந்தது. மேசை நகர்ந்தது. துளையின் விளிம்பு நெற்றியைத் தாண்டியது, மூக்கைத் தாண்டியது, மார்பைத் தாண்டி நின்றது. மேலே மூக்கிலிருந்து நான்கு விரல் தூரத்தில் கூரை. முழங்கையை மடக்க இடமில்லை. தன் மூச்சு கூரையில் பட்டுத் தன் முகத்துக்கே திரும்பி வந்தது. அதில் காலையில் தின்ற ரொட்டியின் வாடை இருந்தது.

கனமான கதவு மூடும் சத்தம், காது அடைத்துக்கொள்ளும் அந்த மெல்லிய அழுத்தம்.

"கண்ணைத் திறந்து வச்சுக்க" என்றது ஹெட்போனில் குண்டூசியின் குரல். "ஒண்ணும் யோசிக்காதே."

இயந்திரம் தொடங்கியது. மூடிய கதவை வெளியிலிருந்து ஒருவன் நிதானமாக, அவசரமில்லாமல், ஒரே அளவில் தட்டிக்கொண்டே இருப்பது போன்ற சத்தம். கண்ணாடியில் குண்டூசி எழுந்து சோம்பல் முறிப்பது தெரிந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாற்காலி காலியாகச் சுழன்று நின்றது.

ஒன்றும் யோசிக்காமல் இருந்தான்.

ஒன்றும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. படிவம். சுவர். ரொட்டி. கையெழுத்து. படிவம். சுவர். இரண்டாவது சுற்றில்தான் அது சுற்று என்று தெரிந்தது. நிறுத்தப் பார்த்தான். வழியில்லை. படிவம். சுவர்.

"தூக்கம் கெடுதா?"

ஹெட்போனில் வந்தது குண்டூசியின் குரல் இல்லை.

இயந்திரத்தின் தட்டலுக்கு அடியில், தட்டலால் கலையாத, வெகு சாதாரணமான குரல். வீட்டில் பக்கத்து அறையிலிருந்து கேட்பாளே, அந்தக் குரல். அவன் கண்ணை மட்டும் மேலே திருப்பினான்.

நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேனுக்காகப் போட்டுவிட்ட அதே வெளிர் நீல மேலங்கி. ஊசிகளைக் கழற்றி அவிழ்த்துவிட்ட கூந்தல். குனிந்திருந்தாள். ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் கெடுதா?"

"ஆமா" என்றான். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை.

அவள் குறித்தாள். தலையை நிமிர்த்தாமலே தனக்குள் சொல்லிக்கொண்டாள். "இல்லை."

"பசி?"

"இல்ல. பசிக்கறதில்ல. அஞ்சு மாசமா."

"இல்லை" என்று குறித்தாள்.

"யாருக்காவது பாரமா இருக்கோம்னு தோணுதா?"

குமிழை அழுத்தினான். மணி அடித்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தெளிவாக. அவள் பேனாவை வைத்தாள். மைக்கை அழுத்தினாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான்."

அவன் எண்ணினான். அறுபது வரை. மறுபடி அறுபது வரை. மறுபடி. தட்டல் நிற்கவில்லை. முழங்கையை மடக்கினான், இடித்தது. முழங்காலை உயர்த்தினான், இடித்தது. கூண்டைத் தலையால் முட்டினான். ஒருமுறை. பல முறை. நெற்றியில் ஈரம். குமிழை அழுத்தினான். அழுத்தினான். மணி. மணி. அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். அவன் பதில் சொல்வதற்குள் குறித்தாள். இல்லை. அதற்கடுத்தது. இல்லை.

இருபது முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள்.

வாசல் பக்கம் அசைவு. குண்டூசி. டம்ளரோடு வந்தார். அவன் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். குண்டூசி அவளுக்குப் பக்கத்தில், அவள் தோளில் உரசும் அளவுக்கு நெருங்கி நின்று, ஒரு வாய் குடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து மைக்கை அழுத்தினார்.

"சபாஷ்ப்பா. கொஞ்சம்கூட அசையவே இல்ல நீ. படம் சுத்தமா வருது. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

விளக்கை மட்டும் எரியவிட்டுப் போனார். கதவு மூடியது.

மேசை நகர்ந்தது.

வெளியே வரவில்லை. உள்ளே போனது. கண்ணாடியில் ஜன்னல் சிறுத்தது. இடுப்பைத் தாண்டியது. முழங்காலைத் தாண்டியது. அந்தத் துளைக்கு அவ்வளவு நீளம் கிடையாது. அவனுக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். போய்க்கொண்டே இருந்தது.

"பாத்தேன்" என்றான். "நான் பாத்தேன். அன்னைக்கே தெரிஞ்சுது எனக்கு."

பேனா நின்றது.

ஜன்னல் அரிசியளவு. அதில் அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அவள் முகம்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வாசலில், அவன் பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, தலை வாராமல் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். அவள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. பேசினாள். "டெக்னீஷியன் சார், என் தலைக்குள்ள என்னதான் தெரிஞ்சுது? சொல்லவே இல்லையே" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "ஒண்ணுமில்ல. எல்லாம் நார்மல்" என்றான்.

தட்டல் நின்றது. இருட்டு. கால் பக்கமும் இருட்டு. ஹெட்போனில், ஒரு மூச்சு எடுத்துவிட்டு, அன்று சொன்னதையே அவள் சொன்னாள்.

"அப்ப சரி."